வெயிலில் நிற்க ஒரு மறைவிடம்

சித்திரை மாதத்து நண்பகலில், பேருந்து நிறுத்தத்தில், முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானையும் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வியர்த்து வழிய நிற்கும் ஒருவரைக் கண்டால், வெயிலுக்கு அஞ்சித்தான் இப்படி மூடிக்கொண்டிருக்கிறார் என்று பிறர் நினைக்கக்கூடும். பதினாறு ஆண்டுகளாகச் சொரியாசிஸுடன் வாழ்ந்துவரும் எனக்கு உடனே வேறொரு காரணம் தோன்றும். முழங்கையிலும் முன்கையிலும் திட்டுத்திட்டாகத் தடித்து, வெள்ளி நிறச் செதில்களாக உதிரும் தோலைப் பிறர் கண்ணில் படாமல் மறைப்பதற்காக அணிந்த சட்டையாக அது இருக்கலாம். அந்தத் திட்டுகளைப் பலருக்கு ஆற்றக்கூடியவற்றுள் வெயிலும் ஒன்று. அந்த வெயிலைத் தோலுக்கு எட்டவிடாமல் தடுப்பதும் அந்தச் சட்டையே. சொரியாசிஸ் உள்ளவர்களின் மனவேதனையையும், அவர்கள் வெயிலைத் தேடிப் போவதையும் தனித்தனியாகப் பிரித்துப் பேச முடியாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

முதலில் நோயின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். மேல்தோலின் அடியடுக்கில் பிறக்கும் ஒரு செல், மேலே வந்து, தட்டையாகி, உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில், நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த டி செல்கள் தேவையின்றித் தூண்டப்பட்டு, அழற்சியை உண்டாக்கும் வேதிப்பொருள்களைத் தோலுக்குள் சுரப்பதால், ஒரு மாதத்தில் நடக்கவேண்டியது மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் நடந்து முடிகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து செதில்களாகின்றன. அடியில் இரத்த நாளங்கள் விரிந்திருப்பதால், செதிலைப் பெயர்த்த இடத்தில் ஊசிமுனை அளவுக்கு இரத்தம் துளிர்க்கும். மேலைநாட்டுப் பாடநூல் படங்களில் இத்திட்டுகள் இளஞ்சிவப்பாக இருக்கும். நம்மவர்களின் மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் அவை ஊதா கலந்த சாம்பல் நிறமாகவோ கரும்பழுப்பாகவோ தெரிவதால், படர்தாமரை என்று எண்ணி மருந்துக் கடையில் கிடைத்த களிம்பை மாதக்கணக்கில் தடவிக் காலத்தை இழந்தவர்களுள் நானும் ஒருவன். பரம்பரைக் கூறு அடிப்படையாக இருக்க, தொண்டைத் தொற்று, லித்தியம் போன்ற சில மருந்துகள், மது, புகை, தோலில் படும் காயம், மன அழுத்தம் ஆகியவை நோயைக் கிளப்பிவிடுகின்றன. பலருக்கு மூட்டுகளிலும் அழற்சி வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறுகிறது. அடக்கி வைக்க முடியும். அடியோடு நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

தமிழ் பேசுபவர்களுக்கு இந்நோயின் பெயரே ஒரு கூடுதல் சுமை. 'சொரியாசிஸ்' என்று சொன்னவுடன் கேட்பவரின் காதில் 'சொறி' என்றுதான் விழுகிறது. அரிப்பைக் குறிக்கும் 'சோரா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம்முடைய சொறிக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் சொறி சிரங்கு என்று நாம் சொல்வது, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது. சித்த மருத்துவம் சொரியாசிஸைக் காளாஞ்சகப்படை என்று அழைக்கிறது. 'படை' என்ற சொல்லும் மக்கள் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் படையையே கொண்டுவருகிறது. ஆக, எந்தப் பெயரைச் சொன்னாலும் எதிரில் இருப்பவரின் கை சற்றுப் பின்வாங்குகிறது. சொரியாசிஸ் ஒட்டுவதில்லை. ஒரே துண்டில் துடைத்தாலும், ஒரே தட்டில் உண்டாலும், ஒரே படுக்கையில் ஆண்டுக்கணக்கில் உறங்கினாலும் அது பரவாது.

எங்கள் தெரு முடிதிருத்தகத்தில் ஒருநாள், என் தலையில் சீப்பை வைத்தவர் அப்படியே நிறுத்தி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, இது ஒட்டிக்குமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஒட்டாது என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவருக்கு நான் இன்றும் நன்றியுடையவன். கேட்பவருக்கு விடை சொல்ல முடிகிறது. ஒன்றும் கேட்காமல் இருக்கையை நகர்த்திப் போட்டுக்கொள்பவருக்கு எதைச் சொல்ல முடியும்?

இந்த அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பல நூற்றாண்டுகளாக, சொரியாசிஸையும் தொழுநோயையும் மருத்துவர்களே பிரித்தறியவில்லை. வியன்னாவைச் சேர்ந்த பெர்டினாண்ட் ஹெப்ரா 1841-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டும்வரை இந்தக் குழப்பம் நீடித்தது. அதற்கு முன் தொழுநோயாளர் என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுள் எத்தனை பேர் சொரியாசிஸ்காரர்களோ, யாருக்கும் தெரியாது. "குஷ்டமா?" என்று இன்றும் நம்மிடம் கேட்கப்படும்போது, இல்லை என்று அவசரமாக மறுக்கிறோம். அந்த அவசரத்தில், தொழுநோய் உள்ளவர்களைத் தள்ளி வைப்பது சரிதான் என்று நாமும் ஒத்துக்கொண்டது போலாகிவிடுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்; கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களில் வந்ததிலிருந்து அந்நோய் முழுமையாகக் குணமாகிறது.

உடலின் எத்தனை விழுக்காட்டில் திட்டுகள் இருக்கின்றன என்று மருத்துவர் கணக்கிடுவார். வேதனை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. முதுகு முழுவதும் திட்டுகள் உள்ளவர் அமைதியாக இருக்க, இரண்டு உள்ளங்கைகளில் மட்டும் உள்ள ஒருவர், யாருக்கும் கை கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற நினைப்பிலேயே ஒரு நாளைக் கழிக்கிறார். என்னுடைய காலைப் பொழுது பல ஆண்டுகள் இப்படித்தான் தொடங்கியது: மற்றவர்கள் எழுவதற்கு முன் எழுந்து, படுக்கை விரிப்பை நான்கு முனையும் சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டுபோய் உதறி, கட்டிலைச் சுற்றிலும் துடைப்பத்தால் கூட்டி, கூட்டியதைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டுவிடுவேன். கறுப்புச் சட்டை வாங்குவதை நிறுத்தினேன். உறவினர் வீட்டில் எழுந்திருக்கும்போது, உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இப்படிப்பட்டவற்றை அளப்பதற்காகவே, பிரிட்டனின் கார்டிஃப் நகரத்துத் தோல் மருத்துவர்கள் 1994-இல் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் தோல் எந்த அளவுக்கு உங்களைக் கூச்சப்பட வைத்தது, எந்த உடையை அணிவது என்பதை எவ்வளவு தூரம் தீர்மானித்தது என்றெல்லாம் அது கேட்கும். மொத்தம் 30 மதிப்பெண்ணில் பத்தைத் தாண்டினால், வாழ்க்கை பெரிதும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பிரிட்டனில் சுமார் ஒன்றரை லட்சம் சொரியாசிஸ் நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு, நோய் இல்லாதவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 39 விழுக்காடும், பதற்ற நோய் வரும் வாய்ப்பு 31 விழுக்காடும் கூடுதல் என்று கண்டது. தற்கொலை எண்ணம், முயற்சி ஆகியவையும் அவர்களிடம் கூடுதலாகவே காணப்பட்டன. நம் மருத்துவமனைகளில் புறநோயாளிகள் வரிசை நீளமானது என்பது உண்மை. இருந்தாலும், களிம்பு எழுதிக் கொடுக்கும் நேரத்தில் "தூக்கம் வருகிறதா, மனது எப்படி இருக்கிறது?" என்ற ஒரு கேள்வியையும் கேட்டால், அதற்காகவே காத்திருந்தது போல அழுதுவிடக்கூடியவர்கள் அந்த வரிசையில் இருக்கிறார்கள்.

மனம் தோலைப் பாதிப்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதும் அன்று. தோலில் முடியும் நரம்பு நுனிகள், அழுத்தம் நேரும்போது சில வேதிப்பொருள்களை வெளியிட்டு அழற்சியைத் தூண்டுகின்றன. விபத்திலோ அறுவைச் சிகிச்சையிலோ ஒரு பகுதியின் நரம்பு துண்டிக்கப்பட்டபின், அந்தப் பகுதியில் மட்டும் சொரியாசிஸ் மறைந்துபோன நிகழ்வுகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. தேர்வு, கடன், வீட்டில் ஒரு சாவு என்று ஏதேனும் நேர்ந்த சில வாரங்களில் திட்டுகள் பெருகுகின்றன. பெருகிய திட்டுகளைக் கண்டு மனம் மேலும் தளர்கிறது. தளர்ந்த மனம் மீண்டும் தோலில் தெரிகிறது. "கவலைப்படாதே, கவலைப்பட்டால் கூடிவிடும்" என்று அன்போடு சொல்பவர்கள், கவலைப்பட்டதும் உன் குற்றமே என்ற இன்னொரு பாரத்தையும் நம் தலையில் ஏற்றிவிடுகிறார்கள் என்பதை அறிவதில்லை.

இனி வெயிலுக்கு வருவோம். ஒளியால் தோல் நோயை ஆற்றலாம் என்பதை நவீன மருத்துவத்தில் நிலைநாட்டியவர் டென்மார்க்கில் பணிபுரிந்த நீல்ஸ் பின்சன். தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்ததற்காக அவருக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த கோக்கர்மன், நிலக்கரித் தாரைப் பூசி அதன்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும் முறையைச் சொரியாசிஸுக்கென 1925-இல் வெளியிட்டார். சூரிய ஒளியில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு 1981-இல்தான் தெளிவான விடை வந்தது. பாரிஷ், ஜேனிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அலைநீளங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தபோது, 290 நானோமீட்டரும் அதற்குக் குறைந்தவையும் தோலைச் சுட்டனவே தவிர ஆற்றவில்லை. 296 முதல் 313 வரையிலானவை ஆற்றின. புற ஊதா பி என்று அழைக்கப்படும் இந்தக் கதிர், மேல்தோலுக்குள் புகுந்து, தவறாகத் தூண்டப்பட்டிருக்கும் டி செல்களை மடியச் செய்து, செல் பெருக்கத்தின் வேகத்தைக் குறைக்கிறது. 311 நானோமீட்டரை ஒட்டிய கதிரை மட்டும் உமிழும் குழல் விளக்குகள் அந்தப் பத்தாண்டிலேயே உருவாயின. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றிலும் தனியார் தோல் மருத்துவமனைகளிலும், ஆள் நிற்கும் அலமாரி போன்ற பெட்டிக்குள் எரிபவை இவையே.

இந்த இயக்கத்தை அறிந்தால், வெயிலைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகள் தாமாகவே திருந்தும். கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும். ஆகவே மூடிய சன்னலுக்கு உள்ளே அமர்ந்து வெயில் காய்வதால் இந்நோய்க்குப் பயனில்லை. உடலுக்கு நல்லது என்று நாம் போற்றும் காலை இளவெயிலில், சூரியன் தாழ்ந்திருப்பதால், இந்தக் கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகும் வேளையில் அது மிகுதி. அந்த வேளையில் கூடுதலாக நின்றால் தோல் வெந்துவிடும். வெந்த இடத்திலேயே புதிய திட்டு கிளம்புவது சொரியாசிஸின் குணம். சட்டைப் பட்டி இறுக்கிய இடத்திலும், கீறல் விழுந்த கோட்டிலும் திட்டு முளைப்பதும் அதே குணத்தால்தான். சென்னையில் கோடைக்கால நண்பகலில் புற ஊதாக் குறியீடு பதினொன்றைத் தாண்டுவது வழக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறையில் அதுவே உச்ச அளவு. ஆகையால் நம் ஊரில் மருந்தின் அளவு நிமிடக் கணக்கில்தான் இருக்க முடியும்.

வெயில் குறைவான நாட்டினர் இதைத் தேடி நெடுந்தூரம் போகிறார்கள். கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாக்கடலின் கரையில், சூரிய ஒளி கூடுதலான காற்றடுக்கையும் நீராவிப் படலத்தையும் கடந்துவர வேண்டியிருப்பதால், சுட்டெரிக்கும் குறுகிய அலைகள் பெரிதும் வடிகட்டப்படுகின்றன. எனவே அங்கே அதிக நேரம் வெயிலில் கிடக்க முடிகிறது. ஐரோப்பியர்கள் அங்கே நான்கு வாரங்கள் தங்குகிறார்கள். நார்வே அரசு பல ஆண்டுகளாகத் தன் குடிமக்களை, ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவுக்கு மூன்று வாரச் சிகிச்சைக்காக அனுப்பிவருகிறது. அவ்வாறு சென்றவர்களுள் பெரும்பாலோருக்குத் திட்டுகள் நன்கு அடங்குகின்றன. பல மாதங்கள் கழித்துத் திரும்புகின்றன. ஆனால் அங்கு நடப்பது முழுவதையும் அலைநீளக் கணக்கில் அடக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாக்கடல் விடுதிகளின் மாடியில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகத் தடுப்பு எழுப்பி, உடல் முழுவதும் வெயில் பட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பக்கத்தில் கிடப்பவருக்கும் அதே செதில், அதே தடிப்பு. நான்கு வாரங்களுக்கு ஒருவரும் முழுக்கைச் சட்டை தேடுவதில்லை, நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அலுவலகம் இல்லை, கல்யாண வீடு இல்லை. நரம்பு நுனிகள் தோலில் செய்வதை அறிந்த பிறகு, இந்த ஓய்வையும் மருந்தின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

இந்த எண்ணத்துக்கு ஆதரவாக ஒரு சிறிய ஆய்வு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபட்-ஜின் குழுவினர் 1998-இல் வெளியிட்டது அது. ஒளிச் சிகிச்சைக்கு வந்த 37 பேரில் ஒரு பிரிவினருக்கு, ஒளிப் பெட்டிக்குள் நிற்கும்போதே மூச்சைக் கவனிக்கவும் தோலில் ஒளி படுவதை உணரவும் வழிகாட்டும் ஒலிநாடாவைக் கேட்கச் செய்தார்கள். அவர்களுடைய தோல் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் தெளிந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மிகச் சிலர் என்பதால் இதைக் கொண்டு பெரிய முடிவுகளுக்குப் போகக்கூடாது. எனினும், அதே விளக்கின் கீழ் அதே சிகிச்சையைப் பெற்றுக்கொண்டிருந்த இரு பிரிவினர் இவர்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

கட்டணமில்லாத வெயில் ஆண்டு முழுவதும் வாசலில் கொட்டிக் கிடக்கும் நம் ஊரில், அதைப் பயன்படுத்த விடாமல் தடுப்பவை இரண்டு. ஒன்று, உடலைத் திறந்தால் பிறர் பார்ப்பார்கள் என்ற கூச்சம். மற்றொன்று நிறம். புற ஊதாக் கதிர் தோலைக் கறுக்கச் செய்யும். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், திட்டு இருப்பதைச் சொல்வதா வேண்டாமா என்ற தவிப்போடு, "வெயிலில் நின்று கறுத்துப் போகாதே" என்ற கண்டிப்பும் பெண்ணின் மேல் விழுகிறது. ஆண் பனியனோடாவது மாடியில் நின்றுவிடலாம். அந்தப் பெண்ணுக்கு அந்த இடமும் இல்லை. ஒளிச் சிகிச்சை வேண்டாம் என்று பாதியில் நிறுத்திவிடும் பெண்களை, அக்கறையில்லாதவர்கள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது.

வெயிலைத் தேடுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சொரியாசிஸ் உள்ளவர்களுள் ஒரு சிலருக்கு வெயிலால் நோய் மிகும். லூபஸ் போன்ற ஒளி ஒவ்வா நோய்கள் உள்ளவர்களுக்கும், தோலை ஒளிக்குக் கூருணர்வு உடையதாக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் வெயில் தீங்கு செய்யும். எனவே முதலில் தோல் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கலாகாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போக அரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்பது மிக ஆபத்தானது. அதில் உள்ள சோரலன் என்ற பொருள் தோலை ஒளிக்குப் பன்மடங்கு கூருணர்வு உடையதாக்கிக் கொப்புளம் எழச் செய்யும். அதே வகைப் பொருளை மாத்திரையாகக் கொடுத்து, நேரம் குறித்து வெயிலில் நிறுத்தும் முறையை மருத்துவர்களும் கையாள்கிறார்கள்; ஆனால் அவர்கள் அளவைக் கணக்கிட்டு, அன்று முழுவதும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணியச் சொல்வார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவிட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறத்தில் எடுக்கும் தைலம் என் செதில்களைத் தளர்த்தியது; தனியாக நோயை அடக்கவில்லை. எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, 'பத்தே நாளில் குணம்' என்று பெயர் ஒட்டாத புட்டியில் தரப்படும் மருந்துகளைத்தான். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், நிறுத்தியவுடன் நோய் உடல் முழுவதும் சிவந்து பரவி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

எனக்கு ஒளிப் பெட்டிச் சிகிச்சை பலனளித்தது. ஆனால் வாரம் மூன்று முறை போய்வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை நாள் விடுப்பு. சில மாதங்களுக்குமேல் முடியவில்லை. அந்நிலையில், மதுரையில் உள்ள அக்கா வீட்டின் மொட்டை மாடியில், வடகமும் மிளகாயும் காயும் பக்கத்துக்கு எதிர்மூலையில், மாமா நான்கு சவுக்குக் கம்பங்களை நட்டு, மூன்று பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டிக் கொடுத்தார். மேலே திறந்த வெளி. "நீ பாட்டுக்கு நில்லு தம்பி, மாடிக் கதவச் சாத்தி வச்சிருக்கேன், யாரும் மேல வர மாட்டாங்க" என்று அக்கா சொல்லிவிட்டுக் கீழே போய்விடுவார். மருத்துவர் வரையறுத்தபடி, திட்டுகளின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு, முகத்தைத் துண்டால் மறைத்து, முதல் வாரம் முன்புறம் மூன்று நிமிடம், பின்புறம் மூன்று நிமிடம். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டினேன். எண்ணெய் தடவினால் செதில்களில் ஒளி சிதறுவது குறையும் என்பதும் அவர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு என் முதுகில் வெயில் பட்டது அந்தத் தட்டிக்குள்தான். எட்டாவது வாரத்தில் முன்கைகள் ஏறக்குறையத் தெளிந்திருந்தன. திட்டுகள் இருந்த இடங்களில் பழுப்பு நிழல் மட்டும் எஞ்சியிருந்தது. முழங்கைத் திட்டுகள் மார்கழியில் திரும்பி வந்தன. அதற்குள் கீற்றும் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்ததால், மாமா தை பிறந்ததும் புதிய கீற்றுக்குச் சொல்லி வைத்தார்.